சுடலையும் கிணறும் தேநீர்க்கடையும்

யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்கள் நல்லூருக்குப் போவார்கள், பொது நூலகத்தின் முன் நின்று படம் எடுப்பார்கள், நயினாதீவுக்குப் படகேறுவார்கள், கீரிமலைக் கேணியில் குளிப்பார்கள். இந்த முறை நான் தேடிப் போனவை வேறு இடங்கள்: ஒரு சுடலை, ஒரு சந்தையடித் தேநீர்க்கடை, ஒரு பொதுக் கிணறு, ஒரு கோயில் வாசல். இந்தத் தீபகற்பத்தில் அடிமை முறை எங்கே முடிந்தது என்று யாராவது கேட்டால் இந்த இடங்களைத்தான் கைகாட்டுவேன். 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையில் அடிமைத்தனத்தை ஒழித்தது என்று பாடநூல் சொல்லும். சட்டம் வந்தது உண்மை. ஆனால் அது வந்து நூறு ஆண்டுக்கும் மேலான பிறகு, அந்த அடிமைகளின் பேரர்களும் பூட்டப்பிள்ளைகளும் ஒரு கோப்பைத் தேநீருக்காகத் துவக்குச் சூட்டை எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

அடிமைக் கிளர்ச்சி என்றதும் மனத்தில் எழுவது எரிகிற கரும்புத் தோட்டங்கள்தான். ஹெயிட்டியில் 1791இல் திரண்ட பெரும்படை, ஜமேக்காவில் 1831ஆம் ஆண்டு நத்தார் நாட்களில் சாம் ஷார்ப் தொடக்கிவைத்து தீயாய்ப் பரவிய வேலைநிறுத்தம். யாழ்ப்பாணத்தின் கதையில் அப்படி ஒரு நாள் இல்லை. நூற்றுக்கணக்கான அடிமைகள் ஒரே வயலில் வரிசையாக நின்ற பெருந்தோட்டமும் இங்கே இருந்ததில்லை. கமக்காரரின் வளவோரத்தில், வடலிக்குள், ஒரு குடும்பமாகவும் இரண்டு குடும்பமாகவும் சிதறிக் குடியிருந்தவர்கள் இவர்கள். எதிர்ப்பும் அப்படித்தான் சிதறியிருந்தது. ஒருவர் இரவோடிரவாகக் காட்டுக்கு ஓடினார். ஒருவர் மனு எழுதுவித்தார். கூடாதென்று பிறர் சொன்ன பிறகும் ஒருத்தி தோளை மூடினாள். இவை ஒரே ஊர்வலமாகத் தெருவுக்கு வர 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முதலில் கோட்டைக்குப் போனேன். பண்ணைக் கடலோரம் முருகைக்கல்லால் எழுந்த ஐந்துமுனைக் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது நாற்கோணக் கோட்டை. 1658 யூன் மாதம் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் அதை மாற்றி இன்றைய வடிவத்தில் எழுப்பினார்கள். 1990ஆம் ஆண்டு முற்றுகையில் உள்ளே இருந்த 1706ஆம் ஆண்டுத் தேவாலயம் தரைமட்டமானது. மதில்களைப் பிறகு திருத்தியிருக்கிறார்கள். மாலையில் இளைஞர்கள் மதில்மேல் இருந்து கதைக்கிறார்கள், பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். பார்க்க நன்றாகவே இருக்கிறது. எனக்கு அந்தக் கல்லைச் சுமந்தவர்களின் நினைவுதான் வந்தது. சாதிவாரியாக ஆண்டுக்கு இத்தனை நாள் கூலியின்றி வேலை செய்ய வேண்டும் என்ற ஊழிய முறையை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி கடுமையாக நடைமுறைப்படுத்தியது. அதற்கும் வரிக்கும் தப்பி வன்னிக்கு ஓடிப்போகிறவர்களைப் பற்றி ஒல்லாந்த அதிகாரிகள் தங்கள் குறிப்புகளில் சலித்துக்கொள்கிறார்கள். தெற்கே ஆனையிறவு, அதற்கு அப்பால் காடு. யாழ்ப்பாணத்து அடிமைக்கு மலையும் குகையும் இல்லை. வன்னிக் காடுதான் இருந்தது.

இந்தக் கோட்டையின் கரையில் வந்திறங்கிய இன்னொரு கூட்டத்தைப் பற்றித் தமிழ்நாட்டு வாசகர்கள் கட்டாயம் அறிய வேண்டும். சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்த போதெல்லாம், தஞ்சாவூர்ச் சீமையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் மனிதர்கள் விற்கப்பட்டுப் படகேறினார்கள். பெற்றவர்களே பிள்ளைகளை விற்ற காலங்கள் அவை. 1659 முதல் 1661 வரையான பஞ்சத்தில் ஆயிரக்கணக்கானோர் வாங்கப்பட்டு இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். 1690களில் மறுபடி அதே கதை. யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்தக் கொமாண்டராக இருந்த ஹென்ட்ரிக் ஸ்வார்டெக்றூன் 1697இல் தாம் இல்லாதபோது பொறுப்பில் இருப்பவர்களுக்காக எழுதிவைத்த குறிப்பில், 1694 இறுதியிலிருந்து இரண்டே ஆண்டில் கரையிலிருந்து 3,500க்கு மேற்பட்ட அடிமைகள் இறக்குமதியானதைப் பதிவு செய்கிறார். தலைக்கு இவ்வளவு என்று தீர்வை வசூலித்ததால்தான் எண்ணிக்கை நமக்குக் கிடைக்கிறது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் கொம்பனிக்காரர் அல்லர், உள்ளூர்க் கமக்காரர்கள். வலிகாமத்தின் செம்மண்ணில் புகையிலை காசாக மாறத் தொடங்கியிருந்த காலம் அது. துலாவில் ஏறி மிதித்து நாள் முழுக்க நீர் இறைக்கக் கைகால்கள் வேண்டியிருந்தன. யாழ்ப்பாணப் புகையிலையின் மணத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற நாங்கள் அந்தப் படகுகளைப் பற்றிப் பேசுவதில்லை.

கோட்டையை விட்டு வெளியே வந்தால் முற்றவெளி. அதன் ஓரமாக நடக்கும்போது 1706ஆம் ஆண்டின் இன்னொரு வேலையைப் பற்றி நினைத்துக்கொண்டேன். அந்த ஆண்டில் ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தின் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டுத் தமிழரின் வழமைகளைத் தொகுத்து எழுதினார். பன்னிரண்டு முதலியார்கள் வாசித்துப் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். அதுதான் தேசவழமை. சீதனம், முதுசம், தேடியதேட்டம், ஈடு என்று பேசிக்கொண்டே வந்து, அதே மூச்சில் அடிமைகளைப் பற்றியும் பேசுகிறது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று பெயர் சொல்லி, அவர்களுடைய திருமணம், தேட்டம், விடுதலை எல்லாம் எவருடைய கையில் என்று வரையறுக்கிறது. ஒரு வழக்கம் எழுத்தில் ஏறியதும் என்ன ஆகும்? ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு நெகிழ்ந்தும் இறுகியும் கிடந்த ஓர் உறவு, நீதிமன்றத்தில் காட்டத்தக்க உரிமையாகிவிடும். எழுதியவர் ஒல்லாந்தர். வாசித்து ஒப்பமிட்டவர்கள் அந்த அடிமைகளை உடைய வகுப்பினர். அடிமைகளிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் காணி விவகாரங்களில் தேசவழமை இன்றும் நடப்பில் உள்ள சட்டம் என்பதை நினைக்கும்போது உடம்பு ஒருமுறை சிலிர்க்கிறது. அடிமைப் பிரிவுகள் செத்துவிட்டன, காணிப் பிரிவுகள் உயிரோடிருக்கின்றன.

1795 செப்டெம்பரில் பிரித்தானியர் யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொண்டார்கள். அப்போது ஹெயிட்டியில் அடிமைகளாக இருந்தவர்கள் அதே பிரித்தானியப் படைக்கு எதிராகவும் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தியின் ஒரு துளிகூட வடலிக்குள் வந்து சேர்ந்திருக்காது. 1806இல் புதிய அரசு தேசவழமைக்கு முழு வலு உண்டு என்று ஒழுங்குவிதி இயற்றியது. அடுத்த ஆண்டே லண்டன் பாராளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. கடலில் குற்றம், வளவுக்குள் வழமை.

இதற்குப் பின் வந்த நாற்பது ஆண்டுகள்தான் எனக்கு மிகவும் முக்கியமானவை. அரசு அடிமைகளைப் பதிவு செய்யும்படி உரிமையாளர்களைக் கேட்டது. பதியாவிட்டால் உரிமை போகும் என்றது. சீதன ஓலைகளிலும் முதுசப் பங்கீட்டிலும் அடிமைகள் கைமாறி வந்ததால், ஒரே ஆளில் பாதி ஒருவருக்கு, கால் இன்னொருவருக்கு என்று பங்குகள் இருந்தன. ஒரு மனிதரின் வாரத்தைக் காணியைப் போலப் பாகம் பிரித்தார்கள். 1818இல் அந்தக் கூட்டு உடைமையை ஒழிக்க ஒழுங்குவிதி வந்தது. 1821இல் இன்னொன்று: கோவியர், நளவர், பள்ளர் அடிமைகளுக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளை அரசே உரிமையாளருக்குச் சிறு தொகை கொடுத்து விடுவிக்கும். பெண் குழந்தையை ஏன் தேர்ந்தார்கள் என்றால், அடிமைத்தனம் தாய்வழியாக இறங்கியது. மகள் விடுபட்டால் அவள் வயிற்றில் பிறப்பவர்களும் விடுபடுவார்கள். 1820களின் கணக்குகளில் யாழ்ப்பாண மாவட்டத்து அடிமைகள் 15,000க்கு மேல். பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால், 1816 ஓகஸ்ட் 12க்குப் பின் பிறக்கும் அடிமைகளின் பிள்ளைகளை விடுவிப்பதாக உரிமையாளர்கள் பலர் உறுதி கொடுத்தது இங்கிலாந்தில் பெரிதாகப் புகழப்பட்டது. யாழ்ப்பாணத்து வளவுகளில் அதனால் பெரிதாக எதுவும் மாறவில்லை.

மேலிருந்து வந்த இந்த ஒழுங்குகளைக் கீழிருந்தவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், மனு எழுதுவோரைப் பிடித்து, ஆளுநருக்கும் கலெக்டருக்கும் எழுதுவித்தார்கள். என் பெயர் பதிவில் இல்லை, என் தாய் அடிமை அல்ல, என் விலையை நானே கட்டுகிறேன், என்னை அடிக்கிறார்கள். வரலாற்றாசிரியர் நிரா விக்கிரமசிங்க ஆவணக் காப்பகங்களின் பழைய வழக்கேடுகளைத் தேடி வாசித்து 2020இல் வெளியிட்ட நூலில், இலங்கை அடிமைகள் தமக்காகத் தாமே பேசிய இடங்களை ஒவ்வொன்றாக மீட்டுத் தந்திருக்கிறார். யாழ்ப்பாண வரலாறு எழுதிய நம்மவர்கள் அரசர்களின் பட்டப்பெயர் வரிசைக்குக் கொடுத்த பக்கங்களில் பத்தில் ஒன்றைக்கூட இந்த மனுக்களுக்குக் கொடுத்ததில்லை. இது எனக்குள்ள கோபம், மறைக்க மாட்டேன்.

1833இல் பிரித்தானியப் பேரரசில் அடிமைத்தனத்தை ஒழித்த சட்டம் இலங்கைக்கு விலக்களித்தது. பிரித்தானியக் கிழக்கிந்தியக் கொம்பனியின் நிலங்களுக்கும் சென்ற் ஹெலினாவுக்கும் அதே விலக்கு. ஆக, ஜமேக்காவின் அடிமைகள் தாங்கள் மூட்டிய தீயின் வெளிச்சத்தில் விடுபட்டார்கள். யாழ்ப்பாணத்து அடிமைகள் இன்னும் பதினொரு ஆண்டுகள் காத்திருந்தார்கள். கண்டி வீதியில் பழைய பூங்காவுக்குப் பக்கத்தில் பழைய கச்சேரியின் இடிபாடு நிற்கிறது. கூரையில்லாத சுவர்களுக்குள் மரம் வளர்ந்திருக்கிறது. 1844இல் வட மாகாண அரசாங்க அதிபராக இருந்தவர் பேர்சிவல் அக்லண்ட் டைக். 1829 முதல் 1867இல் இறக்கும் வரை இந்தப் பிரதேசத்தை ஆண்டவர். சட்டம் அவர் காலத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. விடுபட்டவர்களுக்கு ஒரு பரப்புக் காணிகூட வழங்கப்படவில்லை. அவர்கள் குடியிருந்த நிலம் கமக்காரருடையது, ஏறிய பனை கமக்காரருடையது, தண்ணீர் கமக்காரரின் கிணற்றில். விடுபட்ட மறுநாள் காலை எங்கே போவது? அதே வளவுக்குத்தான் போனார்கள். அதே 'நயினார்', அதே 'நாச்சியார்'. அடிமை என்ற சட்டப் பெயர் போய், தீண்டாமை முழுச் சுமையையும் எடுத்துக்கொண்டது.

வண்ணார்பண்ணைக்கு மேற்கே வில்லூன்றித் தீர்த்தம் இருக்கிறது. இராமன் வில்லை ஊன்றி நீர் எடுத்த இடம் என்று சொல்வார்கள். பிதிர்க்கடன் செய்ய ஆட்கள் வருகிறார்கள். அருகே உள்ள மயானத்தைத் தேடி நான் போனேன். 1944இல் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்கள் தங்கள் இறந்தவரை இங்கே எரிக்க வந்தபோது துவக்குச் சூடு விழுந்தது. முதலி சின்னத்தம்பி என்பவர் அதில் இறந்தார். உயிரோடு இருக்கும்போது ஒதுக்கியவர்கள் சாம்பலாகும் உரிமையையும் தர மறுத்தார்கள். அந்த நாளைச் சொல்கிற ஒரு கல்லைத் தேடினேன், என் கண்ணில் படவில்லை. வீதியோரம் நின்ற ஒருவரிடம் கேட்டேன். அவர் தீர்த்தத்துக்கு வழி காட்டினார், இராமர் கதையைத் தொடங்கினார். சின்னத்தம்பியின் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

சுடலைக்கு முன்பே பள்ளிக்கூடத்தில் போராட்டம் தொடங்கியிருந்தது. மிஷன் பாடசாலைகளிலேயே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்து படித்த காலம். 1920களில் ஹண்டி பேரின்பநாயகமும் அவருடைய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் தோழர்களும் தீண்டாமைக்கு எதிராகப் பேசினார்கள், சேர்ந்திருந்து சாப்பிட்டார்கள். 1927இல் ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கம் உருவானது. 1929 வாக்கில் அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற உத்தரவு வந்தது. வாங்கில் சமமாக இருந்து படிப்பதற்கு எதிராக ஊர்கள் கொதித்தன. பாடசாலைகள் தீக்கிரையாயின. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருமனிதர்களே சம ஆசனத்தை எதிர்த்தார்கள். பிறகு ஒடுக்கப்பட்ட சாதியினரின் அமைப்பாகச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை வந்தது. எம். சி. சுப்பிரமணியம் போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து பாடசாலை திறந்தார்கள். அந்த ஓலைக்கொட்டில் பாடசாலைகளில் படித்தவர்கள்தான் அறுபதுகளில் தெருவுக்கு வந்தவர்கள்.

சங்கானைக்கு பஸ்ஸில் போனேன். மானிப்பாய் கடந்து, பண்டத்தரிப்புப் பக்கம். சந்தைக்குக் கிட்ட போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயத்தின் சுவர் ஒன்று வெயிலில் நிற்கிறது. அதற்குத் தொல்லியல் பலகை உண்டு. ஊரின் இன்னொரு வரலாறு நிச்சாமம் என்ற குடியிருப்பில் இருக்கிறது. 1960களில் இந்தச் சந்தையடித் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டவர்கள் உள்ளே போய் வாங்கில் இருக்க முடியாது. வெளியே நின்று குடிக்க வேண்டும், அவர்களுக்கென்று தனிப் பாத்திரம். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இதையெல்லாம் குற்றம் என்று சொல்லி ஒன்பது பத்து ஆண்டுகளாகியும் நடைமுறை அதுதான்.

சந்தைக்கு எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எங்கிருந்து வருகிறாய் என்றார், சொன்னேன். ஏன் வந்தாய் என்றார், அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, உதிலை உள்ளுக்கை இருந்து குடிக்கேலாது. வெளியிலை நிண்டு போத்திலிலைதான் குடிக்கிறது. கழுவி நாங்களே வைக்க வேணும். அப்பு ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு உள்ளுக்கை போனார். எனக்குக் கால் நடுங்கினது."

"பயமாக இருந்ததா, ஐயா?"

"பயந்தான். ஆனா அண்டைக்குக் குடிச்ச தேத்தண்ணியிலை சீனி போட்டவங்களோ தெரியாது. நான் ருசி பாக்கேல்லை. குடிச்சு முடிக்கோணும் எண்டதுதான் நினைப்பு."

அவர் பெயரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நிச்சாமத்துப் பக்கம் போகும் ஒழுங்கையைக் கையால் காட்டினார். அங்கே வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. 1960களின் பின்பாதியில் கடைக்குள் நுழைந்ததற்குப் பழிவாங்கலாக இந்தக் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. மக்கள் இரவு பகலாகக் காவல் நின்றார்கள், கையில் கிடைத்ததை ஆயுதமாக்கித் திருப்பியும் தாக்கினார்கள். சின்னர் கார்த்திகேசு இந்தப் போராட்டத்தில் உயிரிழந்தார். சங்கானை ஷங்காய் ஆகிறது என்று பாராளுமன்றத்தில் பேசப்பட்ட நாட்கள் அவை. மரம் ஏறுகிறவரும் கூலி வேலை செய்கிறவரும் திருப்பி அடித்ததை அந்தச் சபையால் வேறு எப்படியும் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

சங்கானை தனியே எரியவில்லை. 1966 ஒக்டோபர் 21 அன்று, சண்முகதாசன் தலைமையிலான கம்யூனிஸ்ட் கட்சியினர் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டார்கள். தீண்டாமைக்கு எதிரான முழக்கங்கள். சுன்னாகத்திலேயே பொலிஸார் தடியால் அடித்துக் கலைத்தார்கள். முன்வரிசையில் நின்ற கே. ஏ. சுப்பிரமணியம் காயமடைந்தார். கலைந்தவர்கள் மறுபடி சேர்ந்து, ஏறத்தாழ 10 கிலோமீற்றர் நடந்து, முற்றவெளிக்கு வந்து கூட்டம் நடத்தினார்கள். ஒல்லாந்தர் அடிமைக்குத் தீர்வை வசூலித்த கோட்டையின் வாசலில் அது நடந்தது. சுன்னாகச் சந்தியில் நின்று தெற்கே பார்த்தேன். பஸ், முச்சக்கரவண்டி, வாழைக்குலை ஏற்றிய லொறி. இந்த வீதியில் அடிபட்ட தலையோடு நடப்பதற்கு எத்தனை பெரிய துணிவு வேண்டியிருந்திருக்கும்! அதே நாளில் அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் பிறந்தது. எஸ். ரி. என். நாகரத்தினம் தலைவர், எழுத்தாளர் கே. டானியல் அமைப்பாளர்.

ஏற்கெனவே பாட்டாளி இயக்கம், எழுத்து, மேடை மூன்றும் ஒன்றாகக் கலந்திருந்தன. டானியல் பிறகு 'பஞ்சமர்' நாவலில் இந்தப் போராட்டத்தையே எழுதினார், 'அடிமைகள்' என்று ஒரு நாவலும் எழுதினார். என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' நாடகம் கோயில் நுழைவைக் கூத்தாக ஊர் ஊராகக் கொண்டுபோனது. கஸ்தூரியார் வீதியில் சலூன் நடத்திய டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். சாதியைச் சொல்லி அவமதிக்கப்பட்டுப் பள்ளியை விட்டு வந்தவர் அவர். 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதிக்கு இலங்கையின் சாகித்திய பரிசு கிடைத்தபோது யாழ்ப்பாணத்துப் பண்டித வட்டாரம் திகைத்தது. டானியல் 1986இல் தஞ்சாவூரில் காலமானார், அங்கேயே அடக்கமானார். எந்தக் கரையிலிருந்து அடிமைகள் யாழ்ப்பாணத்துக்கு ஏற்றப்பட்டார்களோ, அந்தக் கரையிலேயே அவர்களின் பெரும் எழுத்தாளர் கிடக்கிறார்.

தென்மராட்சியில் மட்டுவிலுக்கும் போனேன். பன்றித்தலைச்சி அம்மன் கோயில். பங்குனித் திங்களில் வந்தவர்களெல்லாம் முற்றத்தில் அடுப்பு மூட்டிப் பொங்குவார்கள். கோயில் கிணற்றில் தண்ணீர் அள்ளித்தான் பொங்க வேண்டும். அந்தக் கிணற்றில் கைவைக்கும் உரிமைக்காகவும் இதே காலத்தில் போராட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. நிலத்தடி நீர்தான் வாழ்வு. ஆகவே இங்கே சாதியின் உச்சமான கொடுமை கிணற்றடியில் நிகழ்ந்தது. குடத்தோடு நிற்க வேண்டும், உரியவர் யாராவது வந்து ஊற்றும் வரை நிற்க வேண்டும். வெயிலில் நிற்பவளின் பிள்ளை வீட்டில் தாகத்தோடு இருக்கும். டானியல் 'தண்ணீர்' என்று ஒரு நாவலுக்குப் பெயர் வைத்ததன் பின்னால் இந்தக் காத்திருப்பு இருக்கிறது.

கடைசியாக மாவிட்டபுரம். காங்கேசன்துறை வீதியில் ஏறக்குறைய கடல்வரை போக வேண்டும். 1990க்குப் பின் இந்தப் பகுதி முழுவதும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், ஊர் காடானது. இப்போது கோபுரம் மீண்டும் எழுந்து நிற்கிறது. குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லி கட்டுவித்தாள் என்பது தலபுராணம். ஆடி அமாவாசையன்று சுவாமி கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போவார். 1968ஆம் ஆண்டுத் திருவிழாக் காலத்தில் வெகுஜன இயக்கத் தொண்டர்கள் குளித்துத் திருநீறு பூசி, வேட்டி கட்டி, இந்த வாசலுக்கு வந்தார்கள். உள்ளே விடவில்லை. அவர்கள் வாசலிலேயே இருந்தார்கள். அடி விழுந்தது, மறுநாளும் வந்து இருந்தார்கள். வழியை மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்டில் கணிதம் படித்தவர், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர், 1948இல் அமைச்சர், தமிழருக்குத் தனியரசு வேண்டும் என்று மற்றெவருக்கும் முன்பே பேசியவர். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவருக்கு 50 ரூபா அபராதம் விதிக்கப்பட்டது. மேன்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது.

அந்த வாசலில் நான் நீண்ட நேரம் நின்றேன். 1961இல் தமிழ் மொழிக்காகக் கச்சேரி வாசலில் ஆயிரக்கணக்கான தமிழர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அதை நாம் இன்றும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஏழு ஆண்டு கழித்து இந்த வாசலில் இருந்ததும் சத்தியாக்கிரகந்தான். கேட்டதும் சமத்துவந்தான். அப்போது தமிழ்த் தலைமைகள் பலவும் மெளனமாகவோ இரு பக்கத்துக்கும் நடுவிலோ நின்றன. கொழும்பிடம் சமமாக நடத்து என்று கேட்கிறவர் தன் கோயில் வாசலில் அதையே மறுத்தால், முதல் கோரிக்கையின் முதுகெலும்பே முறிந்துபோகிறது. எங்கள் அரசியலின் பல முறிவுகளுக்கு வேர் தேடுகிறவர்கள் மாவிட்டபுரத்து வாசலையும் தோண்டிப் பார்க்க வேண்டும்.

இயக்கம் வென்றது. மாவிட்டபுரம் உட்படக் கோயில்கள் காலப்போக்கில் திறந்தன, தேநீர்க்கடைகளில் எல்லோருக்கும் ஒரே கோப்பை வந்தது. 1971இல் சட்டமும் இறுக்கப்பட்டது. யாரும் தங்கத் தட்டில் வைத்துத் தரவில்லை. மரமேறிகளும் கூலி விவசாயிகளும் சிகை அலங்கரிப்போரும் சலவைத் தொழிலாளரும், அவர்களோடு நின்ற உயர்சாதித் தோழர்கள் சிலரும், உயிர் கொடுத்து எடுத்தார்கள். 1844ஆம் ஆண்டுச் சட்டத்தின் மீதி அரைப்பங்கை எழுதியவர்கள் இவர்கள்.

ஆனால் காணி கிடைக்கவில்லை. மாவிட்டபுரத்திலிருந்து திரும்பும் வழியில் உள்ள மல்லாகம், சுன்னாகப் பக்கங்களில் 1990இல் இடம்பெயர்ந்தவர்களுக்கான முகாம்கள் போர் முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் இருந்தன. வசதி உள்ளவர்கள் கொழும்புக்கும் கனடாவுக்கும் போனார்கள், காணி உள்ளவர்கள் வேறிடத்தில் வீடு கட்டினார்கள். முகாம் தகரத்தின் கீழ் எஞ்சியவர்களில் பெரும்பாலோர், திரும்பிப் போகவும் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாத ஒடுக்கப்பட்ட சாதியினர். விடுதலையின்போது கொடுக்கப்படாத அந்தக் காணி, ஒன்றரை நூற்றாண்டு கழித்துத் தகரக் கொட்டிலாகத் திரும்பி வந்திருந்தது.

சாதி விலக்கும் முடிந்துவிடவில்லை. 2018இல் வரணியில் ஒரு கோயிலில் தேர் இழுக்க மண்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதி இளைஞர்கள் வடம் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று செய்திகள் வந்தன. அதற்கு முந்திய ஆண்டு புத்தூர் மேற்கில் கலைமதிக் கிராம மக்கள், தங்கள் குடிமனைகளின் நடுவே இருக்கும் கிந்துசிட்டி மயானத்தில் பிணம் எரிப்பதை நிறுத்தக் கோரி எழுந்தார்கள். வீட்டுக் கதவைத் திறந்தால் புகை. பலர் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டார்கள். பெண்கள் பந்தல் போட்டு வீதியோரம் இருந்தார்கள், மாதக்கணக்கில் இருந்தார்கள். நீதிமன்றத்துக்கு மனுவோடும் போனார்கள்.